வாயில் வாழும் நுண்ணுயிரிகளும் ஈறு நோயும்

ஈறு நோயைப் பற்றி அறிய விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அந்நோயோடு தொடர்புடைய பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை, நலமான ஈறு உடையவர்களின் வாயிலும் சிறிய அளவில் இருக்கின்றன. காலரா போன்ற நோய்களில், வெளியில் இருந்த கிருமி ஒன்று தண்ணீர் வழியாக உடலுக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது. அந்த ஒரு கிருமி ஒழிந்துவிட்டால் நோயும் தீர்ந்துவிடுகிறது. ஈறு நோய் அவ்வாறு வருவதில்லை. பல ஆண்டுகளாக நம்மோடு தொல்லையின்றி வாழ்ந்துவந்த ஒரு நுண்ணுயிர்க் கூட்டம், அது வாழும் சூழல் மாறியதால் வேறொரு கூட்டமாக மாறுகிறது. மாறிய அந்தக் கூட்டத்தை எதிர்க்கப் புறப்படும் நம் உடலின் தற்காப்பே, காலப்போக்கில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது. இது விளங்கிவிட்டால், பல் துலக்குவது எதற்காக, மவுத்வாஷ் எந்த அளவுக்கு உதவும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் ஏன் போதாது என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை காண்பது எளிது.

உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்நல அறிக்கை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு, அதாவது 100 கோடிக்கும் அதிகமானோருக்கு, ஈறு நோய் கடுமையான நிலையில் இருப்பதாக மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவலான நோய் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவதற்கு முக்கியக் காரணம், அது பெரும்பாலும் வலியில்லாமல் வளர்வதுதான். சொத்தைப் பல் வலித்து நம்மை மருத்துவரிடம் அனுப்பிவிடும். ஈறு நோயோ, பல் ஆடத் தொடங்கும் வரையில்கூடத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடலாம்.

வாயில் யார் வாழ்கிறார்கள்

வாய் நுண்ணுயிரிகளை முதன்முதலில் கண்டு எழுதியவர், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அன்டோனி வான் லேவன்ஹூக். தானே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், தன் பற்களுக்கிடையில் இருந்து எடுத்த வெண்ணிறப் படிவை மழைநீரிலும் உமிழ்நீரிலும் கலந்து பார்த்தபோது, அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் விரைந்து நீந்துவதைக் கண்டதாக 1683ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் கடிதம் எழுதினார். நாள்தோறும் உப்பால் பல் தேய்க்கும் வழக்கமுடைய அவருடைய வாயிலேயே இவ்வளவு இருந்தன. வாழ்நாளில் பல்லையே துலக்காத ஒரு முதியவரின் வாயில் இருந்து எடுத்ததில் அவை இன்னும் பெருந்திரளாக இருந்தன. துலக்குவதற்கும் நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு அந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இன்று, டிஎன்ஏவைப் படித்தறியும் முறைகளின் உதவியால், மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா இனங்கள் ஏறத்தாழ 700 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒருவரின் வாயில் அவை அத்தனையும் இருப்பதில்லை. பொதுவாக நூறு முதல் சில நூறு இனங்கள் வரை இருக்கும். எந்த இனங்கள், எந்த விகிதத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பாக்டீரியாக்கள் மட்டுமல்லாமல், கேண்டிடா போன்ற பூஞ்சைகள், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியா வகை உயிரிகள், ஒற்றைச் செல் அமீபாக்கள், பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்கள் ஆகியவையும் அங்கே உள்ளன. நலமான ஒருவரின் உமிழ்நீரில், ஒரு மில்லிலிட்டரில் மட்டும் பத்துக் கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும்.

வாய் ஒரே இடமாக நமக்குத் தோன்றினாலும், நுண்ணுயிரிகளுக்கு அது பல வேறுபட்ட வாழிடங்களின் தொகுப்பு. கன்னத்தின் உட்புறத் தோல் தன் மேல் செல்களை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருப்பதால், அதில் ஒட்டிய பாக்டீரியாக்களும் உதிர்ந்துபோகின்றன. நாக்கின் மேற்பரப்பில் உள்ள சிறு மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையில் ஆக்சிஜன் குறைந்த ஒதுக்கிடங்கள் ஏராளம். பல்லோ முற்றிலும் வேறுவகை. உடலின் வெளிப்பரப்பில் உதிராத, கடினமான பரப்பு அது ஒன்றே. நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் எப்போதும் வாயைக் கழுவி வயிற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருப்பதால், எங்காவது உறுதியாகப் பற்றிக்கொள்ளாத பாக்டீரியாவால் வாயில் நிலைக்க முடியாது. அப்படிப் பற்றிக்கொள்ளப் பல்லைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. குழந்தைக்குப் பல் முளைத்த பிறகே, பற்பரப்பை நாடும் பல இனங்கள் அதன் வாயில் நிலைபெறுகின்றன என்பதற்கும் காரணம் இதுவே.

இந்தக் கூட்டத்தை ஒட்டுமொத்தமாகப் பகையாகக் கருதுவது தவறு. ஏற்கெனவே இடம்பிடித்து வாழும் பாக்டீரியாக்கள், தீங்கு செய்யும் புதிய உயிரிகளுக்கு இடமும் உணவும் கிடைக்காதபடி செய்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் என்னும் பாக்டீரியா ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு, ஈறு நோயோடு தொடர்புடைய சில இனங்களின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. நாக்கில் வாழும் சில பாக்டீரியாக்கள், கீரைகளிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித் தருகின்றன. அது உடலுக்குள் சென்று நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்த உதவுகிறது. இந்த மாற்றத்தை நம் உடலின் செல்களால் தாமாகப் போதிய அளவில் செய்ய இயலாது. நீண்ட நாட்கள் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டவர்களில் சிலருக்கு வாயில் வெண்பூஞ்சை படர்வதைப் பார்த்தால், பாக்டீரியாக்கள் குறைந்ததும் அதுவரை அடங்கியிருந்த கேண்டிடா பெருகிவிடுவது தெரியும். ஆகவே, வாயைக் கிருமியே இல்லாத இடமாக்குவது இயலாது, விரும்பத்தக்கதும் அன்று.

பல்லின் மேல் படியும் படலம்

நன்றாகத் துலக்கிய பல்லின் மேல், சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் மிக மெல்லிய உறையாகப் படிகின்றன. இந்த உறையில் பாக்டீரியா எதுவும் இல்லை. எனாமலை அமிலத்திடம் இருந்து ஓரளவு காப்பதும் இதுதான். ஆனால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் சிலவும் ஆக்டினோமைசஸ் வகையும் இந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற மூலக்கூறுகளைத் தம் மேற்பரப்பில் கொண்டுள்ளன. முதலில் வந்து ஒட்டுபவை இவையே. ஒட்டியபின் பெருகுகின்றன, பிசின் போன்ற சர்க்கரைப் பொருள்களைச் சுரந்து தம்மைச் சுற்றி ஒரு கூழ்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கின்றன. ஓடும் ஆற்றில் கிடக்கும் கல்லின் மேல் வழுக்கும் பாசி பிடிப்பதைப் போல, உமிழ்நீர் ஓயாமல் ஓடும் வாயில் பல்லின் மேல் உருவாகும் இந்த வழவழப்பான உயிர்ப்படலத்தையே பற்படலம் என்கிறோம். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் தெரியும் மெத்தென்ற பூச்சு அதுவேயாகும்.

பற்படலம் என்பது பாக்டீரியாக்கள் தாறுமாறாகக் குவிந்த அழுக்கு அன்று. முதலில் வந்தவை ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால், படலம் தடிக்கத் தடிக்க அதன் அடிப்பகுதியில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வளரக்கூடிய இனங்களுக்கு இப்போது வழி திறக்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகிறது. நீண்ட கோல் வடிவமுடைய ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் இதில் தனிச்சிறப்புடைய ஓர் இனம்: முன்னே வந்த இனங்களையும் பின்னே வரப்போகும் இனங்களையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் திறன் அதற்கு இருப்பதால், தாமாகப் பல்லில் ஒட்ட இயலாத பல பாக்டீரியாக்கள் அதன் உதவியால் படலத்தில் சேர்கின்றன. சில நாட்கள் யாரும் கலைக்காமல் விட்ட படலம், ஒரு நாள் படலத்தைவிடத் தடிமனால் மட்டுமல்லாமல், அதில் வாழும் இனங்களாலும் வேறுபட்டது. நாள்தோறும் துலக்குவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. துலக்குவதால் பாக்டீரியாக்கள் ஒழிவதில்லை. படலம் முதிர்ச்சியடைவது தடைபடுகிறது.

படலத்துக்குள் வாழும் பாக்டீரியாவுக்குத் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைவிடப் பாதுகாப்பு மிகுதி. கூழ்ப்பொருள் மருந்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. அடிப்பகுதியில் உள்ள செல்கள் மெதுவாகவே வளர்வதால், வளரும் செல்களைத் தாக்கும் மருந்துகள் அவற்றிடம் பலிப்பதில்லை. தனித்து மிதக்கும்போது கொல்லப் போதுமான அளவைப்போல் பல மடங்கு, சில வேளைகளில் நூற்றுக்கணக்கான மடங்கு மருந்து, படலத்துக்குள் இருக்கும் அதே பாக்டீரியாவைக் கொல்லத் தேவைப்படலாம். தேய்த்து அகற்றுவதற்கு ஈடாக வாய் கொப்பளிப்பதைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே அடிப்படை.

கலைக்கப்படாத படலத்தில், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அது கெட்டிப்படும்போது காரை உருவாகிறது. காரையைத் துலக்கி எடுக்க முடியாது. அது கல்லைப் போல் இருப்பதால் அதுவே ஈறைக் குத்தி நோயாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அதன் சொரசொரப்பான மேற்பரப்பு எப்போதும் புதிய படலத்தால் மூடப்பட்டிருக்கிறது; தீங்கு செய்வது அந்த உயிருள்ள படலம்தான். காரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லாக இறுகும்போது அது தன்னுள் இருந்த நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவையும் பூட்டி வைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் இடைக்கால எலும்புக்கூடுகளின் பற்களில் இருந்த காரையை ஆராய்ந்தவர்கள், இன்றைய ஈறு நோயில் காணப்படும் அதே பாக்டீரியாக்களின் தடயங்களை அதில் கண்டார்கள். நெடுங்காலமாகவே அவை நம்மோடு இருந்துவந்திருக்கின்றன.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையில்

ஈறு பல்லோடு முழுமையாக ஒட்டியிருப்பதில்லை. அதன் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு குறுகிய இடுக்கு, எல்லோருக்கும் எல்லாப் பற்களைச் சுற்றியும் இருக்கிறது. அதன் அடியில் மெல்லிய ஒரு திசு பல்லைப் பற்றியிருக்கிறது. அதற்குக் கீழே கொலாஜன் இழைகள், பல்வேரை எலும்போடு பிணைக்கும் தசைநார், தாடை எலும்பு என்று பல்லைத் தாங்கும் அமைப்பு தொடர்கிறது. உடலின் தோற்போர்வையைத் துளைத்துக்கொண்டு கடினமான உறுப்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் என்பதால், அது இயல்பாகவே காவல் தேவைப்படும் இடம். அந்த இடுக்கில் ரத்தத்தில் இருந்து கசியும் ஒரு திரவம் சிறிதளவு ஊறிக்கொண்டே இருக்கும்; நியூட்ரோபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் அதன் வழியாக ஓயாமல் வெளியேறிப் படலத்தை எல்லை தாண்டாமல் வைத்திருக்கும். நலமான ஈறு என்பது தாக்குதலே நடக்காத ஈறு அன்று; நடப்பதைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் ஈறு.

படலம் ஈறின் விளிம்பில் முதிர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஐயமற நிறுவிய ஆய்வு, டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நடத்தி 1965இல் வெளியிட்டது. நலமான ஈறு உடைய 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்திக்கொண்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்குமே ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வரும் நிலை ஏற்பட்டது. அதே நாட்களில் படலத்தின் உறுப்பினர்களும் மாறிக்கொண்டே வந்தனர்: தொடக்கத்தில் உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள், அடுத்து நீண்ட இழை வடிவம் உடையவை, இறுதியில் சுருள் வடிவில் நெளிந்தோடும் ஸ்பைரோகீட்டுகள். மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அனைவரின் ஈறும் பழையபடி நலமடைந்தது. ஈறு நோயைப் பற்றிய ஆய்வுகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் அறியேன். படலமே காரணம் என்பதையும், தொடக்க நிலை முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதையும் இந்த ஒரே ஆய்வு ஒருசேரக் காட்டிவிட்டது.

ஈறின் விளிம்போடு நின்றுவிடும் இந்தத் தொடக்க நிலையை ஈறு அழற்சி என்கிறோம். அது ஆழத்துக்கு இறங்கி, பல்லைத் தாங்கும் இழைகளையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கினால் அதைப் பெரியோடான்டைட்டிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். முன்னதில் இழப்பு எதுவும் இல்லை. பின்னதில் இழந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்புவதில்லை. அப்போது ஈறின் இடுக்கு 4 மில்லிமீட்டர், அதற்கும் மேல் என ஆழப்பட்டுப் பையைப் போலாகிறது. பல் மருத்துவர் அளவுக் கோடுகள் உள்ள மெல்லிய கருவியை ஈறின் இடுக்கில் இறக்கிப் பார்ப்பது இந்த ஆழத்தை அளப்பதற்காகத்தான்.

யார் குற்றவாளி என்னும் தேடல்

ஆழமான பையில் வாழும் பாக்டீரியாக்கள் எவை? அமெரிக்காவின் பாஸ்டனில் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் ஈறுக்கடியில் இருந்து 13,000க்கும் மேற்பட்ட படல மாதிரிகளை எடுத்து, அவற்றில் எந்த இனங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். ஒன்றாகக் காணப்படும் இனங்களுக்கு நிறப் பெயர்களை இட்டார்கள். ஆழமான பைகளிலும் ரத்தம் கசியும் இடங்களிலும் மிகுந்து காணப்பட்ட மூன்று இனங்கள், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபார்சிதியா, ட்ரெப்போனீமா டென்டிகோலா ஆகியவை, சிவப்புத் தொகுதி என்று பெயர் பெற்றன. ஈறு நோயைப் பற்றிய எந்த நூலிலும் இந்த மூன்று பெயர்களை நீங்கள் சந்திப்பீர்கள்.

ஆனால், ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதும், அவையே நோயைத் தொடங்கிவைக்கின்றன என்பதும் ஒன்றல்ல. பையில் ஆக்சிஜன் குறைவு, புரதம் மிகுதி, ரத்தக் கசிவால் இரும்புச்சத்தும் கிடைக்கிறது. இந்த இனங்கள் விரும்பும் சூழல் அதுவே. அப்படியானால் அவை வந்ததால் அழற்சி ஏற்பட்டதா, அழற்சி ஏற்பட்டதால் அவை பெருகினவா? 1994இல் பிரிட்டனைச் சேர்ந்த பிலிப் மார்ஷ் இதற்குச் சூழலியல் நோக்கில் விடை சொன்னார். படலம் தேங்குவதால் ஈறு அழற்சி அடைகிறது. அழற்சியால் இடுக்கில் ஊறும் திரவம் பெருகுகிறது. அதில் உள்ள புரதத்தை உண்டு வாழும் இனங்கள் பெருகுகின்றன. அவை அழற்சியை மேலும் வளர்க்கின்றன. இந்தச் சுழற்சியில் ஒன்றை மற்றொன்று ஊட்டி வளர்ப்பதால், எது முதல் என்று கேட்பதைவிடச் சுழற்சியை எங்கே உடைக்கலாம் என்று கேட்பதே பயனுள்ளது. சொத்தை உண்டாவதும் இதே தர்க்கத்தில்தான். அங்கே அடிக்கடி வரும் சர்க்கரை, அமிலத்தைத் தாங்கி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற இனங்களைப் பெருக்குகிறது. ஒரே வாயில், ஈறுக்கு மேலே ஒரு சூழல் சொத்தையையும், ஈறுக்குக் கீழே வேறொரு சூழல் எலும்பிழப்பையும் தரக்கூடும்.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தன் எண்ணிக்கைக்கு மிஞ்சிய விளைவை உண்டாக்குகிறது. ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட எலி ஆய்வு ஒன்றில், இந்தப் பாக்டீரியா வாயின் மொத்த நுண்ணுயிரிகளில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தபோதே, மற்ற பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் சேர்க்கையும் மாறி எலும்பிழப்பு ஏற்பட்டது. வேறு நுண்ணுயிரி எதுவுமே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் வாயில் அதே பாக்டீரியாவை மட்டும் இட்டபோதோ, எலும்பிழப்பு ஏற்படவில்லை. அதாவது, அது நேரடியாக எலும்பை அரிப்பதில்லை. வெள்ளை அணுக்களின் கொல்லும் திறனைக் குலைத்து, அழற்சியை மட்டும் அணையாமல் வைத்திருந்து, கூட்டம் முழுவதையும் தீங்கான திசைக்குத் திருப்பிவிடுகிறது. அது சுரக்கும் ஜிஞ்ஜிபெயின் என்னும் நொதிகள் உடலின் தற்காப்புப் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளையே உணவாக்கிக்கொள்கின்றன.

எல்லா ஈறு நோயும் இந்த மூன்று இனங்களால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வளரிளம் பருவத்தினரில் சிலருக்கு முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் சுற்றி விரைவாக எலும்பு கரையும் ஒருவகை நோய் உண்டு. அதில், வெள்ளை அணுக்களைக் கொல்லும் நச்சைச் சுரக்கும் வேறொரு பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு இருப்பதாக அறியப்பட்டுள்ளது.

எலும்பைக் கரைப்பது யார்

பாக்டீரியாக்கள் எலும்பைத் தின்றுவிடுகின்றன என்று நினைப்பது இயல்பு. ஆனால் எலும்பைக் கரைப்பவை நம் உடலுக்கே உரிய செல்கள். எலும்பு எப்போதும் சிறிது கரைக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் புதுப்பிக்கப்படுவது. கரைப்பதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. ஈறில் அழற்சி நீடிக்கும்போது, தற்காப்புச் செல்கள் வெளியிடும் வேதிச் செய்திகள் இந்தக் கரைக்கும் செல்களை மிகுதியாகத் தூண்டிவிடுகின்றன. வெள்ளை அணுக்கள் சுரக்கும் நொதிகள் கொலாஜன் இழைகளையும் சிதைக்கின்றன. தொற்று இருக்கும் பரப்பில் இருந்து எலும்பு விலகிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பல் ஒன்றை இழந்தாலும் தொற்று எலும்புக்குள் பரவாமல் இருக்கட்டும் என்னும் ஏற்பாடு போல் அது தோன்றினாலும், இழப்பு நம்முடையதே.

உடலின் எதிர்வினைக்கு இவ்வளவு பங்கு இருப்பதால்தான், ஒரே அளவு படலம் உள்ளவர்களிடையேகூட நோய் ஒரே அளவில் வருவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளர்களை, 1970 முதல் 15 ஆண்டுகள் ஹரால்ட் லோவும் உடனிருந்தோரும் தொடர்ந்து ஆராய்ந்து 1986இல் எழுதியது இதற்குச் சான்று. அவர்களுக்குப் பல் மருத்துவ வசதி கிடைக்கவில்லை. பல் துலக்கும் பழக்கமும் இல்லை. ஏறத்தாழ எல்லோருக்கும் படலமும் காரையும் ஈறு அழற்சியும் இருந்தன. ஆனால் அவர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக விரைவாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. அந்தத் தொழிலாளர்களுக்கு உரிய மருத்துவம் கிடைக்காத நிலையில் இருந்து பிறந்த அறிவு இது என்பதை மறக்காமல்தான் இந்த எண்களை நாம் படிக்க வேண்டும்.

விரைவாக முற்றுவோரை வேறுபடுத்துவது எது? மரபணுவுக்குப் பங்கு உண்டு. நம்மால் மாற்றக்கூடியவற்றில் முதலிடம் புகைபிடித்தலுக்கு. அது தற்காப்புச் செல்களின் வேலையைக் குலைப்பதோடு, ஈறில் ரத்த ஓட்டத்தையும் குறைப்பதால், நோய் உள்ளே வளரும்போதும் ரத்தக் கசிவு தென்படாமல் மறைத்துவிடுகிறது. புகைபிடிப்பவருக்கு ஈறில் ரத்தம் வரவில்லை என்பது நல்ல செய்தியாகாது. அடுத்தது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய். இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன: ரத்தச் சர்க்கரை மிகுந்தால் ஈறின் அழற்சி கூடுகிறது, ஈறின் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. கருவுற்ற காலத்தில் ஹார்மோன் மாற்றங்களால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியலாம். அந்த ஹார்மோன்களையே வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ப்ரிவோடெல்லா இன்டர்மீடியா போன்ற பாக்டீரியாக்களும் அப்போது பெருகுகின்றன. வலிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் சிலவற்றால் ஈறு தடித்து வளர்வதுண்டு. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஈறு நோய்க்கும் மாரடைப்புக்கும், ஈறு நோய்க்கும் ஞாபக மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு என்னும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. இதய நோய் உள்ளவர்களிடம் ஈறு நோய் மிகுந்து காணப்படுவது உண்மை. ரத்தக்குழாய்ப் படிவுகளில் வாய்ப் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ கண்டெடுக்கப்பட்டதும் உண்மை. எனினும், புகைபிடித்தல் போன்ற காரணங்கள் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், ஈறு நோய் மாரடைப்பை உண்டாக்குகிறது என்று நிறுவப்பட்டதாகச் சொல்ல முடியாது. பல்லைக் காப்பதே ஈறைப் பேணுவதற்குப் போதுமான காரணம் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது என்ன

துலக்கும்போது ரத்தம் வந்தால், பலர் அந்த இடத்தைத் தவிர்த்து மெதுவாகத் துலக்கத் தொடங்குகிறார்கள். காயம் என்று எண்ணி அவ்வாறு செய்வது இயல்புதான். ஆனால் அதனால் அங்கே படலம் மேலும் தேங்குகிறது, அழற்சி கூடுகிறது, ரத்தமும் கூடுகிறது. மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷை ஈறின் விளிம்பை நோக்கிச் சாய்த்து, அழுத்தாமல், சிறு அசைவுகளால் அந்த இடத்தையே நன்றாகத் துலக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். பிரஷ் பற்களின் இடுக்குக்குள் போவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதோ அங்கேதான். ஆகவே இடைவெளிக்கு ஏற்ற சிறு இடுக்குப் பிரஷ்ஷையோ, இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் பல்லிடை நூலையோ நாள்தோறும் பயன்படுத்துவது துலக்குவதைப் போலவே முக்கியமானது. இரண்டு வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், காரை படிந்திருக்கலாம் அல்லது பை ஆழப்பட்டிருக்கலாம். பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. வாய் நாற்றம் நீங்காமல் இருப்பது, ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றுவது, பற்களுக்கிடையில் புதிய இடைவெளி விழுவது, ஈறில் சீழ் வருவது ஆகியவை தாமதிக்கவே கூடாத அறிகுறிகள்.

மருத்துவர் செய்யும் ஸ்கேலிங் என்னும் சுத்திகரிப்பு, ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையையும் படலத்தையும் அகற்றுகிறது. அதைச் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், எனாமல் தேய்ந்துவிடும் என்னும் அச்சம் பலரிடம் இருக்கிறது. உண்மையில், எலும்பை இழந்த பல்லைச் சுற்றிக் காரை இறுகிப் பிடித்திருந்ததால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கும்; காரை போனதும், முன்பே இருந்த இழப்பு வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றும்போது ஈறு சற்றுச் சுருங்குவதால் இடைவெளி தெரிவதும், சில நாட்கள் பல் கூசுவதும் உண்டு. இந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பற்களை இழப்பவர்கள் இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ், சிகிச்சைக்குப் பின்னரோ துலக்க இயலாத நாட்களிலோ மருத்துவர் சொல்லும் காலத்துக்குப் பயன்படும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும். சுவையுணர்வும் சிலருக்கு மாறும். நாக்கில் நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியாக்களையும் அது குறைத்துவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள், விரைவாக முற்றும் சில வகைகளில், படலத்தைக் கருவியால் கலைப்பதோடு சேர்த்துத் தரப்படும்போது கூடுதல் பயன் தரலாம். படலத்தைக் கலைக்காமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால், வீக்கம் சில நாட்கள் தணிந்து, பின்னர் பழையபடி திரும்பிவிடும்.

பெரியோடான்டைட்டிஸுக்குச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் கடமை உண்டு. பையைச் சுத்தம் செய்தபின் அதில் நலமான ஈறுக்குரிய இனங்கள் திரும்பி வந்து இடம்பிடித்தாலும், ஆழம் முழுமையாகக் குறையாத இடங்களில் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பழைய கூட்டம் மீண்டும் உருவாகிவிடக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னும் பொதுவான வழக்கம் அவர்களுக்குப் போதாமல் போகலாம். பலருக்கு மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் சுத்திகரிப்பும் தேவைப்படும். எந்த இடைவெளி பொருந்தும் என்பதை, ஒவ்வொரு வருகையிலும் பைகளின் ஆழத்தையும் ரத்தக் கசிவையும் அளந்து முந்தைய அளவோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். ஆகவே அந்த அளவுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும், மருத்துவரை மாற்ற நேர்ந்தால் புதியவரிடம் அவற்றைக் காட்டுவதும் நல்லது.